விழாது, விழுந்தால்

சால்மியா கிளை, சர்வீஸ் கவுண்டர்.
டிஷ்யூவில் பொதிந்து கொண்டுவந்தார்
டிரைவர் லூர்துராஜ்,
முதலாளியின் கடிகாரத்தை.

கீறல் விழாது என்றுதான் விற்கிறோம்.
சாவி உரசட்டும், மணற்காற்று அடிக்கட்டும்,
பத்து வருஷக் கறுப்பு அப்படியே மினுங்கும்.
விழுந்தால்
என்பதற்குக் கையேட்டில் ஒரு வரி,
பொடி எழுத்தில்.

கார் கழுவும்போது கைதவறி, சிமென்ட் தரையில், ஒரே ஒரு தடவை.
பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே
செராமிக் வளையம் சில்லு சில்லாய்.
உள்ளே முள் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒட்ட முடியாதா, சார்?"
மாற்றத்தான் முடியும்.
வாய் வரவில்லை,
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
நாலு மாசம் என்று
அவரே வகுத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட நீண்ட மணிக்கட்டில்
ஒரு பிளாஸ்டிக் வாட்ச்.
எத்தனை தடவை விழுந்ததோ,
கண்ணாடியெல்லாம் கீறல்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து
"ஒண்ணு அஞ்சு" என்றார்.
ஒன்றேகாலுக்கு முதலாளியின் பிள்ளைகளை
ஸ்கூலில் ஏற்ற வேண்டும்.