சாதாரண வருஷம்

பஞ்சாங்கத்தில் அந்த வருஷத்துக்குப் பெயரே சாதாரண.
நான் வைத்ததில்லை. அறுபதில் ஒன்று அப்படி வரும்.
வெள்ளைக்காரன் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தில்
சூரியனைக் கழுவுவது என் வேலை.
மேலே துரைமார் கண்ணாடித் தகட்டில் பிடித்துத் தருவார்கள்.
இருட்டறையில் சேஷகோபாலன் கரைசலில் போட்டு எடுப்பார்.
கடைசித் தண்ணீர் என்னுடையது.
மார்கழியில் விரல் பத்தும் இருக்கிறதா என்று
அவ்வப்போது எண்ணிக்கொள்வேன்.
நாளைக்கு ஒரு சூரியன்.
ரிஜிஸ்டரில் எழுத இரண்டே வகை:
தகட்டின் எண், இல்லையென்றால் மேகம்.

துரைமாருக்குத் தந்தி இருந்தது.
எனக்கு வேலப்பன்.
பெரியகுளத்தில் பையைத் தோளேற்றி
கூலிப்பாதை நெடுக ஈட்டிச் சலங்கை குலுங்க ஓடிவருவான்,
செண்பகனூர் வளைவிலேயே சத்தம் கேட்டுவிடும்.

சக்கரவர்த்தி லண்டனில் வெள்ளிக்கிழமை செத்தார்.
எனக்குத் திங்கட்கிழமை.
இடையில் இரண்டு சூரியன்களை
உயிரோடிருக்கிற ராஜாவின் வேலைக்காரனாகவே கழுவியிருந்தேன்.

வால்வெள்ளி தெரிந்தால் ராஜாவுக்கு ஆகாதென்று
பஜாரில் முன்னமே சொல்லியிருந்தார்கள்.
விடியலுக்கு முன் பெருமாள் மலைக்கு மேலே அது நின்றது,
சிந்திய பாலைத் துடைக்க மறந்ததுபோல.
வைகாசியில் அதன் வால் பூமியைத் தடவும்,
விஷக்காற்று, எல்லோரும் சரி என்றார்கள்.
மளிகை மொய்தீன் ராவுத்தர்
அதற்குள் பாக்கியை வசூலித்துவிடப் பார்த்தார்.
பாக்கிக்காரர்கள், "பிறகு பார்ப்போம் ராவுத்தரே" என்றார்கள்.

அந்தக் காலை அது சூரியனின் முகத்துக்குக் குறுக்கே போகுமாம்.
தகட்டை நான் மூன்று தரம் கழுவினேன்.
சேஷகோபாலன் லென்சை வைத்து
ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை தேடினார்.
எறும்புக்கால் நிழல்கூட இல்லை.
மத்தியானம் ராவுத்தர் கடை திறந்திருந்தது.

ஆவணியில் குறிஞ்சி.
சரிவெல்லாம் நீலம், நீலமெல்லாம் தேனீ.
அந்த இரைச்சலில் சலங்கை கேட்கவில்லை,
திடீரென்று வாசலில் வேலப்பன் நின்றான்.
நேட்டாலிலிருந்து என் தம்பி சந்தியாகு எழுதியிருந்தான்:
'நாலு சீமையை ஒரே சீமையாக்கிவிட்டார்கள், அண்ணே.
கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.
மூன்று பவுன் தலைவரி அப்படியே இருக்கிறது.
பவுன்தான் இல்லை.
கரும்பு இந்தத் தரம் உயரம் அதிகம்.'

அதே வாரத்துப் பேப்பரில்
ஜப்பான் கொரியாவை எடுத்துக்கொண்டது.
கொரியா எங்கே என்று கேட்டேன்.
சேஷகோபாலன் ஈர விரலால் மேஜையில் வரைந்தார்.
நான் வாளியை வைத்துவிட்டு வருவதற்குள்
காய்ந்துபோயிருந்தது.

புரட்டாசிக் கடைசியில் பத்து நாள் மூட்டம்.
பதினோராம் நாள் துடைத்துவிட்டாற்போல் வானம்,
தகடு ஒன்று கிடைத்தது.
போர்ச்சுகல் ராஜா கப்பலேறி ஓடிவிட்டார் என்ற பேப்பரோடு
அன்று ஒரு கடிதமும் வந்தது.
மேல்விலாசம் தம்பியின் கையெழுத்தில் இல்லை.
லயத்தில் காய்ச்சல். ஆவணி பதினாறு.

விரலை மடக்கி எண்ணினேன்.
நாற்பது நாளுக்கு மேல்
அவனை உயிரோடு வைத்துப் பேசியிருக்கிறேன்.
பவுனுக்கு வழி பண்ணுவதாக
ராவுத்தரிடம் கடன்கூடக் கேட்டிருந்தேன்.

தகடு தொட்டியின் விளிம்பில் பட்டது.
சூரியன் பதினோரு துண்டு.
ஒன்றில் மட்டும் ஒரு கரும்புள்ளி முழுசாக இருந்தது.

சேஷகோபாலன் குனிந்து பொறுக்கினார்.
என்னைக் கையைக் காட்டச் சொன்னார், காட்டினேன்.
பேனாவைத் தொட்டு,
அந்தத் தேதிக்கு நேரே
மேகம் என்று எழுதினார்.

ஜன்னலுக்கு வெளியே
தோட்டக்காரன் கம்பளியை உலர்த்தியிருந்தான்.
புல்லில் அதன் நிழல்
நாலு மூலையும் தெளிவாக விழுந்திருந்தது.