சனியின் ஏர்த் வயர்

தெமட்டகொட மேம்பாலத்துக்குச் சற்று முன்னால்
பேஸ்லைன் வீதியின் நடு லேனில்
ஒன்பது மணி மழைக்குள்
என் கார் இல்லாமல் போனது.

இருமவில்லை. இழுக்கவில்லை.
டாஷ்போர்டில் ஒரு சிவப்புப் புள்ளிகூட
போறேன் என்று சொல்லவில்லை.
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது,
கை உயர்த்திவிட்டுக் கேள்வியை மறந்தவன் மாதிரி.
ஹோர்னை அழுத்தினால் பிளாஸ்டிக்கின் சத்தம்.
இடப்பக்கக் கண்ணாடி நாலு விரல் திறந்தபடி
ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது.
மழை மட்டும் உள்ளே வந்து சீட்டில் உட்கார்ந்தது.

பிறகு என் கை, என்னைக் கேளாமல்,
கூரைக்குப் போய் உள்விளக்கின் சுவிட்சைத் தள்ளியது.
இரவில் கார் நின்றால்
முகம் தெரியவேண்டும் என்று
சோதனைச் சாவடிகள் பழக்கிவிட்ட கை.
இங்கே இப்போது சாவடி இல்லை;
ஒரு பெற்றோல் ஷெட்டும், தகரம் தட்டும் கொத்துக்கடையும்தான்.
விளக்கும் எரியவில்லை.

நிசான் சனி. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மொடல்.
"பேரைச் சொல்லி மட்டும் கூப்பிடாதே" என்றிருந்தா சித்தி.
எனக்கு விற்றுப்போட்டுப் போனவன் பிரபாலன், மாமி மகன்.
ஸ்காபரோவில் அவனுக்கு அப்போது முற்பகல்.

"கிளிக் எண்டாவது கேக்குதா?"
"இல்லை."
"அப்ப ஸ்டார்ட்டரை மற. பொனட்டைத் திற.
பெட்டரித் தலையில பூத்திருக்கா?"
பூத்திருந்தது, வெள்ளையும் நீலமுமாய்.
வீட்டுத் திறப்பால் சுரண்டினேன். முறுக்கினேன். தட்டினேன்.
"பெரிய பியூஸைப் பார்."
போன் வெளிச்சத்தில் அதன் உலோக நாக்கு
அறுபடாமல் இருந்தது.
"அப்ப..." என்றவன் நிறுத்தினான்.
லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

பின்னால் ஹோர்ன்கள்.
ஷொப்பிங் பையைத் தலையில் கவிழ்த்தபடி
ஒரு த்ரீவீல்காரர் வந்தார்,
கையில் சின்னப் பல்ப், இரண்டு வயர்.
பெட்டரியின் இரண்டு தலையிலும் வைத்தார்: எரிந்தது.
"பெட்டரி ஹொந்தை, மிஸ்."
ஒரு நுனியை பிளஸ்ஸில் விட்டு
மற்றதை எஞ்சினில் வைத்தார்: இருட்டு.

போனுக்குச் சொன்னேன்.
"கறுப்பு வயர். பெட்டரியில இருந்து பொடிக்குப் போறது.
ஒருக்கா இழுத்துப் பார்."
இழுத்தேன். கையோடு வந்தது.
தோல் முழுசு. உள்ளே செம்பு பச்சைத் தூள்.

"அது நான் போட்டது" என்றான்.
"பஞ்சிகாவத்தையில, இருநூறு ரூபாய்க்கு, வெட்டின துண்டு.
டிக்கட்டுக்குக் காசு சேர்த்த மாசம்.
உனக்குச் சொல்லுவமெண்டு இருந்தனான்."
பதினாலு வருஷம்.
கோபம் வரவேண்டிய இடம் அது.
தண்ணீர் கழுத்தால் இறங்கிக்கொண்டிருந்ததில்
"இப்ப என்ன செய்ய?" என்றுதான் வந்தது.

"கரண்ட் போகும். திரும்பி வர வழியில்லை.
அவ்வளவுதான் பிழை."
சொன்ன பிறகு இருவரும்
அந்த வசனத்தைக் கொஞ்ச நேரம் தொடவில்லை.

த்ரீவீல்காரர் ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் பிரித்து
மைனஸில் ஒரு பல், எஞ்சின் கொக்கியில் ஒரு பல்
கடிக்க விட்டார்.

நான் போட்டுப் பார்த்ததெல்லாம் ஒன்றாய் வந்தது.
வைப்பர் விட்ட இடத்திலிருந்து துடைத்தது.
ஹசார்ட் அடித்தது. ரேடியோவில் ஒரு பெண்
புத்தளத்திலிருந்து காலி வரை கடல் கொந்தளிப்பு என்று
பாதி வாக்கியத்தில் தொடங்கினாள்.
உள்விளக்கும்.
அந்த மஞ்சளில் முதல் தடவை அவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் அவருடையதை; முன்பல் ஒன்று இல்லை.
காசு வேண்டாம் என்றார்.
"கேபிள் வேணும். நாளைக்கு. பொரளை ஸ்டாண்ட்.
ஜயதிஸ்ஸ எண்டு கேளுங்க."

பிரபாலன் இன்னும் லைனில்.
"வித்துப்போடு அதை."
"ஆருக்கு?" என்றேன்.

உள்விளக்கு எரிய எரிய
கிருலப்பனை வரை முப்பதில் ஓட்டினேன்.