மெழுகு

செவ்வாய் இரவு உவரிக் கோயிலில்
எரிந்தது போக மிஞ்சுகிற மெழுகை
புதன் விடியலில் சுரண்டிக்கொள்ள
மெலிஞ்சியாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.
"எதுக்கு பிள்ள?"
பலகைக்கு, என்றேன்.
சவப்பெட்டி என்று நினைத்தாரோ என்னவோ
சிலுவை போட்டுக்கொண்டார்.

பால் டப்பாவில் உருக்கி
தேங்காயெண்ணெய் நாலு சொட்டு.
கடையில் விற்கிற கட்டி ஒன்று முந்நூறு.
இதுவும் காலைப் பிடிக்கத்தான் செய்கிறது
கோடையில் கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான்.

பிள்ளை வரத்துக்கு ஏற்றியது
குவைத் விசாவுக்கு ஏற்றியது
பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு ஏற்றியது
(அது நான்)
எல்லாம் என் உள்ளங்காலுக்கு அடியில்.

பலகை முதலில் ஒரு வெள்ளைக்காரனுடையது
பிறகு ஒரு மணப்பாட்டுப் பையனுடையது.
உடைந்த மூக்கை
வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுகிற செல்வஸ்தியான் அண்ணன்
ஒட்டித் தந்தார்.
மிச்சமிருந்த வள்ளத்து நீலத்தைப் பூசினார்.
கைப்பழக்கத்தில் பதிவெண்ணும் எழுதப் போனார்.
ஓடிப்போய்த் தடுத்தேன்.

அப்பா மறித்ததில்லை.
ஒன்றே ஒன்றுதான் கேட்பார்:
"மீனில்லாம எதுக்கு பிள்ள
போயிட்டுப் போயிட்டு வார?"

ஆனி பிறந்து கச்சான் ஏறினால்
வள்ளங்கள் கரையேறிப் படுத்துவிடும்.
அம்மாவின் கம்மல் திசையன்விளைக்குப் போகும், அடகுக்கு.
அப்போதுதான் தெற்கே பாரின் மேல்
அலை எழுந்து, வளைந்து,
பத்தமடைப் பாயை யாரோ சுருட்டிக்கொண்டே போவதுபோல்
வலப்பக்கமாக ஓடும்.
நான் அதற்கு முன்னால் ஓடுவேன்.

ஊருக்குப் பட்டினி, எனக்குப் பந்தி.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
ஒரே அந்தோணியாரிடம்
அப்பா கடல் அடங்கக் கேட்கிறார்.
நான் ஆறடி கேட்கிறேன்.
அப்பா ஏற்றிய திரியும்
என் டப்பாவுக்குள்தான் கிடக்கிறது.

என் கணக்கு:
மாநிலத்தில் முதல் நாலுக்குள்.
அப்புறம் தேசியத் தரவரிசை.
அப்புறம் பாஸ்போர்ட்.
அதில் முழுப்பெயர் இருக்கும், தஸ்நேவிஸ்,
பனிமய மாதாவின் பெயர்.
பனியைப் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை.
எனக்கு வேண்டியது தண்ணீர்,
பெயரை உச்சரிக்கத் தெரியாத ஊர்களின்
பெரிய தண்ணீர்.

சென்னைக் கோவளத்தில் அரையிறுதி.
சிவப்புப் பனியன், இருபது நிமிடம்.
கடலோ குளம்.
நாலு பேரும் பலகையில் உட்கார்ந்து
வள்ளியூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல
ஒரே திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பன்னிரண்டாம் நிமிடம் முழங்கால் உயரத்தில் ஒன்று.
எடுத்தேன். மூன்று புள்ளி சொச்சம்.
அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.
மெழுகு மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது,
அசைய வேண்டிய தேவையே இல்லாத கால்களை.

மூன்றாமிடம்.
மேலே போவது இரண்டு பேர்.

அந்தோணியாரே,
யார் சொன்னதைக் கேட்டீர் என்று தெரிகிறது.

சாயந்திரம் அப்பா கூப்பிட்டார்.
ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.
"இன்னைக்கு கடலு
எண்ணெ ஊத்துன மாரி கெடந்துச்சு பிள்ள.
ரெண்டு மாசத்துக்கு அப்புறம் நெய்மீன் பாடு.
அடுத்த போட்டிக்கு எவ்வளவு கட்டணும்?"
இரண்டாயிரத்து ஐந்நூறு, என்றேன்.
எதிர்முனையில் தராசுத் தட்டு விழுகிற சத்தம்,
ஏலக்காரனின் குரல், யாரோ சிரிப்பது.
"கட்டிரலாம்."

நாளைக்கும் போவியளா அப்பா?

"எங்க? காத்து தெக்க திரும்புது.
நாளைக்கு வள்ளம் எறங்காது."

வருத்தமாகத்தான் 'அப்படியா' என்றேன்.
குரல் சரியாக வந்ததா தெரியவில்லை.

ரயிலில் பலகையைக் கக்கூஸ் பக்கம் சாத்தி
ராத்திரி முழுக்க அதன்மேல் ஒரு கை வைத்திருந்தேன்.
திருநெல்வேலி தாண்டியதும் டப்பாவைத் திறந்து பார்த்தேன்.
ஒரு தேய்ப்புக்கு இருக்கிறது.