இரண்டு நொடி

ஓ கிளேரிலிருந்து திரும்பும் பேருந்தில்
எல்லோரும் எண்களாகிவிட்டிருந்தோம்.
"நான் இரண்டு பதின்மூன்று, நீ?" என்றாள் பிரிட்டா,
இருக்கைமேல் மண்டியிட்டுப் பின்னால் திரும்பி,
வாழைப்பழம் மென்றபடி.
எண்ணூறு மீட்டர் அவளுடையது.
டுலூத்திலிருந்து கடிதம் வந்தாயிற்று:
கட்டணத்தில் பாதியை அவள் கால்கள் கட்டும்,
மீதியை அப்பாவின் பால் லாரி.

கோங் மெங் பதிலுக்கு அவசரப்படவில்லை.
மூவாயிரத்து இருநூறு. ஒன்பது இருபத்தாறு.
மூன்று கல்லூரிகள் கூப்பிட்டும்
வாசாவிலேயே மின்பணி படிக்கப்போகிறான்.
"அப்போ இனி ஓட மாட்டாயா?"
"கம்பம் ஏறுவேன்."
சிரித்தோம்.
அவன் சிரிக்கவில்லை. ஈரத்தில் இறுகிப்போன
காலணி முடிச்சைப் பல்லால் இளக்கிக்கொண்டிருந்தான்.

எனக்கு எண் கிடையாது.
அக்டோபரில், முன்னங்கால் எலும்பில்
மயிரிழை விரிசல்.
அன்றிலிருந்து நான் கடிகாரக்காரன்.
கழுத்தில் நீலக் கயிறு,
அதன் நுனியில் மற்றவர்களின் மூச்சு.

இன்று ஆலங்கட்டியும் மழையும் கலந்து கொட்டி
முடிவுக்கோட்டின் மின்கருவி செத்துப்போனது.
கட்டைவிரல்தான் கணக்கு.

"நாலு பத்தொன்பது" என்றான் டோலெஃப்.
யாரும் கேட்கும் முன்பே.
நாலு இருபதுக்குள் வந்தால் பேசலாம் என்று
ஒரு பயிற்சியாளர் அவனிடம் சொல்லியிருந்தது
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாலு இருபத்தொன்று.
கோட்டுக்கு மேல் அவன் நெஞ்சு சாய்ந்தபோது
அழுத்தியவன் நான்.
இரண்டு நொடி:
செருமிவிட்டு ஒரு பெயரைக் கூப்பிடும் நேரம்.
பனி உருகாத ஏப்ரலில், விடிவதற்கு முன்,
தெருவிளக்குக்குத் தெருவிளக்கு
அவன் ஓடியதெல்லாம்
அந்த இடுக்குக்குள் நுழையத்தான்.
நான் தலையாட்டினேன்.

பெட்ரோல் நிலையத்தில் வண்டி நின்றது.
ஏறி வந்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.
சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினான்.
கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"கால் எப்படி இருக்கு?"
அக்டோபருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.
"ஆகஸ்டில் ஓடுவேன். கல்லூரி அணிக்கும் முயற்சி பண்ணுவேன்."
டாக்டர் சொன்னது வேறு.
டோலெஃப் தலையாட்டினான்,
சற்றுமுன் நான் ஆட்டிய அதே அளவு.

மடியில் முடிவுத்தாள்.
நாளைக் காலை பயிற்சியாளர் மேசையில் இருக்கவேண்டும்.
அவன் பெயருக்கு நேரே
நாலு என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன்.
அடுத்து வருவது ஒன்றா, இரண்டா.
இரண்டு எழுதுகிறவன் கையும் முதலில்
ஒன்றைப் போலத்தான் கீழிறங்கும் என்று நினைத்தேன்.
அது உண்மையில்லை. எழுதிப் பார்த்தால் தெரியும்.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கண்ணாடியில் தெரிந்தது என் பென்சில்.
பின்னாலிருந்து பிரிட்டாவின் கை நீண்டது
வாழைத்தோலோடு.
குப்பைப்பை என் காலடியில் இருந்தது.
வாங்கிப் போட்டேன்.
பிறகு எழுதினேன்.