மூன்றாவது வரி

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு ஃபோட்டோக் கொப்பிக் கடை. ஒரேயொரு கணினி.
பகலில் நான், லினக்ஸில்.
இரவில் நஸ்ரான், பழைய விண்டோஸில்;
பாஸ்போர்ட் படம் வெட்டுகிற மென்பொருள்
வேறெதிலும் எழும்பாது.

இன்னும் சந்தித்ததில்லை.
அவர் உயர்த்திவிட்டுப் போன கதிரையைக்
காலையில் நான் பதிக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம்.

கறண்ட் போய் வந்தால் மெஷின் தானாக எழும்பும்,
பத்திலிருந்து கீழே எண்ணும்,
ஒருவரும் தொடாவிட்டால் முதல் வரிக்குள் நுழையும்.
முதல் வரி என்னுடையது.
திரையில் ஒருநாள் ஒரு துண்டு:
"தங்கச்சி, நான் மூஞ்சி கழுவிட்டு வாறதுக்குள்ள
உங்கட பெங்குவின் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிக்குது."

'கடைசியாகத் தெரிவு செய்ததை நினைவில் வை' என்று
அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன்.
துண்டு அடுத்த நாள் இல்லை.

பிறகு ஓர் ஆசை, பட்டியல் தமிழில் இருக்கட்டுமென்று.
பெட்டி பெட்டியாக வந்தது.
எழுத்துரு ஏற்றினேன்; வந்தது,
ஆனால் 'வெள்ளவத்தை' என்று எழுதினால்
கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது,
வரிசை தெரியாமல் வந்த ஆள் மாதிரி.
எந்த இயங்குதளமும் கண் விழிக்காத அந்த இடத்தில்
எழுத்தைக் கோத்துவிட ஒருவருமில்லை.
புள்ளி மட்டும் சொன்ன இடத்தில் இருந்தது.

கொம்பு, கால், விசிறி ஒன்றுமில்லாத சொற்களைப் பொறுக்கினேன்.
எனக்குப் 'பகல்'.
அவருக்குப் 'படம்'.
இடம் மிச்சமிருந்தது, மூன்றாவதாகக் 'கடல்'.
அதற்குள் எதுவுமில்லை. அழுத்தினால் மெஷின் அணையும்,
அவ்வளவுதான்.

இன்று காலை பொத்தானை அழுத்திவிட்டுத்
தேத்தண்ணி ஊற்றப் போனேன்.
வந்து பார்த்தால் திரை கறுப்பு.
திரும்ப அழுத்தினேன், ஷட்டரை முழுதாக உயர்த்தினேன்,
திரும்பவும் கறுப்பு.
அடையாள அட்டையோடு நின்ற அம்மா கேட்டா,
"பழுதோ பிள்ளை?"

பழுதில்லை.
விடியப்புறம் அவர் கடலைத் தெரிவு செய்திருக்கிறார்,
மெஷின் மறக்கவில்லை,
நான் சொல்லிக் கொடுத்தபடியே.

மூன்றாம் தடவை விரலை அம்புக்குறியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
பத்து. ஒன்பது.
பின்னால் பாணந்துறைக் கோச்சி ஊதுகிறது.
நாலு மட்டும் விட்டுப் பார்க்கிறேன்.