தெரியாவிட்டால்

செம்பனை ஆலையின் எடைமேடையில்
லாரி வராத இரவு ஷிப்டுகளில்
தோட்டத்து ஆட்களின் பக்கங்களுக்கென்று
ஒரு குறிமொழி செய்துகொண்டிருந்தேன்.

முதல் வடிவத்தில்
நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொன்று.
கடைசியில் ஏழு வளைவுக்குறிகள்
நெத்திலிக் கூடை கவிழ்ந்த மாதிரி.
அதில் ஒன்றைக் கோகிலவாணி விட்டுவிட்டாள்.
மேல் லயத்தின் முப்பத்தாறு வீடுகளும்
ஒரே வரியாய்ச் சரிந்தன.

"ஏன் இந்த 'என்றால்' முன்னாடியே வந்து நிக்குது?
மழை வந்தா வெட்டு இல்லைன்னுதானே சொல்லுவோம்.
வந்தா மழைன்னா சொல்லுவோம்?"

பீடோர் கிளினிக்கில் மருந்து கட்டுகிறவள்.
சரியாகத்தான் கேட்டாள்.
எல்லாவற்றையும் அழித்தேன்.
நிபந்தனையை வினையின் வாலில் கட்டினேன்:

    மறைந்த நாள் இருந்தால்
        அதை எழுது
    இல்லாவிட்டால்
        வாழ்கிறார் என்று எழுது
    முடி

வாய்விட்டுப் படித்தாலே புரிந்தது.
அன்று ரொட்டி சானாய் என் செலவு.

வியாழக்கிழமை தாப்பாவிலிருந்து ஒருவர் அழைத்தார்.
பதினான்காம் வீட்டு வையாபுரி,
வயது நூற்றேழு, வாழ்கிறார்
என்று இருக்கிறதாமே?
"எங்க அப்பாவுக்குப் பெரியப்பா. சயாமுக்கு
ரயில் பாதை போட ஏத்திட்டுப் போனவரு.
எங்க இருக்காருன்னும் போட்டா
போய்ப் பாத்துட்டு வந்துடுவேன்."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மொழியில் பிழை இல்லை.
எழுதாமல் விட்ட கட்டத்தை
'இல்லை' என்று படித்தது நான்.
தினமும் பார்க்கிறேன்,
காலி லாரிக்கும் ஒன்பது டன் காட்டுகிறது முள்.

மூன்றாவது கிளை வைத்தேன்:

    தெரியாவிட்டால்

அதன் கீழே என்ன எழுதச் சொல்வது
என்று மூன்று இரவு தெரியவில்லை.
'விவரம் இல்லை' என்றால் அலுவலகம் பேசுகிறது.
'காணவில்லை' என்றால் போலீஸ்.
கடைசியில் கட்டளை எதுவும் வைக்கவில்லை.
சொன்னவர் சொன்னதை அப்படியே காட்டு, அவ்வளவுதான்.
பக்கத்தில் இப்போது இருப்பது:
ஏத்திட்டுப் போனாங்க. நாப்பத்து மூணு. மழைக்காலம்.

கோகிலவாணிக்கு இன்னும் ஒரு குறை.
"இந்த 'முடி' வேணாம்.
ஒரு ஆளுக்குக் கீழே அப்படி அடிக்க
கை வரமாட்டேங்குது."

'சரி' என்று மாற்றினேன்.
கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான்கரை மணிக்கு எண்ணிப் பார்த்தோம்.
முப்பத்தாறு வீட்டில்
மூன்றாம் கிளைக்குப் போனவர்கள் பதினொரு பேர்.
பன்னிரண்டு என்றாள்.
வாசலில் ஹார்ன் அடித்தது, எழுந்து போனேன்.