ஒருதரம் பிடித்தது

புதுவயல் ரைஸ்மில் புகைக்கூண்டில்
கால் தவறிய செவ்வாய்க்கிழமை
முதுகுப் பட்டை சுண்டி இழுக்க
தவிட்டுத் தூசியில் தொங்கினேன்
ஒரு பீடி நேரம்.

இறக்கியதும் சூப்பர்வைசர் வயிரவன்
முதலில் கொக்கியைத்தான் பார்த்தார்.
கண்ணுக்குக் கீறல் இல்லை.
நாக்கு மட்டும் மூடும்போது
மயிரிழை தாமதம்.
'ஆளை ஒருதரம் பிடிச்சது
மறுதரம் ஆகாது'
சிவப்பு பெயிண்ட் தடவி
வேலியோரம் எறிந்தார்.
எறிந்ததை
டிபன் வாளியில் போட்டுக்கொண்டேன்.

இன்று ஷிப்ட் முடிந்து வந்தால்
விட்டத்துக் கயிற்றில் அந்தக் கொக்கி.
கொக்கியில் சேலைத் தூளி.
தூளியில் பிள்ளை.
'ஒன்னையே தாங்குச்சே,
இவன் என்ன கனம்' என்கிறாள்
அடைக்கலமேரி.

பதில் சொல்லவில்லை.
பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு
ஒற்றைக் கையால் அழுத்துகிறேன்
சிவப்பு நாக்கை.
இப்போது பார்த்து
திறக்க மாட்டேன் என்கிறது.